ஸ்மோக் ஏஞ்சலைத் தேடி: கொழும்புக் கடலில் ஓர் அரிய மீனைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

கொழும்பில் வளர்ந்த நம்மில் பலருக்குக் கடல் என்றால் காலிமுகத்திடலின் இஸ்ஸோ வடை, பட்டம், கால் நனைய நின்றுவிட்டு வீடு திரும்புவது. அவ்வளவுதான். வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து நின்று பார்த்தாலும் கண்ணில் படுவது அலையும், தூரத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களும்தான். இரண்டுக்கும் நடுவே, தண்ணீருக்கு அடியில், கரைக்குச் சமாந்தரமாகக் கற்பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்) நீண்டு கிடக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

அந்தப் பார்களில் தேட வேண்டிய மீன்களில் எனக்குப் பிடித்தது, மீன் வளர்ப்பவர்கள் ஸ்மோக் ஏஞ்சல் என்று அழைக்கும் கடல் ஏஞ்சல் மீன். அறிவியல் பெயர் அப்போலெமிக்திஸ் சாந்தூரஸ். எட்வர்ட் டர்னர் பென்னட் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1833இல் இதை முதன்முதலாக விவரித்தபோது, அவர் கையில் இருந்த மீன் இலங்கையிலிருந்து போனது. இன்றும் இதன் இருப்பிடம் இந்து சமுத்திரத்தின் ஒரு பகுதிதான். இலங்கை, மாலைதீவு, இந்தியாவின் கிழக்குக் கரை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அச்சுறுத்தலுக்கு உள்ளான மீன்களின் பட்டியலில் இது இல்லை. ஆனாலும் ஒரு முழு டைவில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் மேலே வருவதுதான் வழக்கம். கூட்டமாகத் திரியாமல் தனியாகவோ சோடியாகவோ, தனக்கென்று ஒரு துண்டுப் பாரை வைத்துக்கொண்டு வாழும் மீன் அது.

இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் முறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. பாரெல்லாம் நீந்திச் சலித்தால் இந்த மீன் கிடைக்காது. அது சாப்பிடும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அசையாமல் இருந்தால் கிடைக்கும்.

படி 1: கரையில் இருக்கும்போதே மீனை மனதில் பதியுங்கள்

உள்ளங்கையளவு மீன். நன்றாக வளர்ந்தது 15 சென்ரிமீற்றர் வரும். உடல் பக்கவாட்டில் தட்டையானது. நிறம் சாம்பல் கலந்த வெள்ளை. ஒவ்வொரு செதிலின் ஓரத்திலும் கருமை படிந்திருப்பதால், விறகடுப்புக்குப் பக்கத்துச் சுவர்போல உடம்பு முழுக்கப் புகை பிடித்த தோற்றம். தலைப்பக்கம் இன்னும் கறுப்பு. முதுகுத் துடுப்பும் கீழே உள்ள குதத் துடுப்பும் நல்ல கறுப்பு, விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. வால் பளிச்சென்ற மஞ்சள். செவுள் மூடியின் மேல் முனையில், காது இருக்கக்கூடிய இடத்தில், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பொட்டு.

தண்ணீருக்குள் இவை இந்த ஒழுங்கில் தெரியாது. கலங்கிய கொழும்புத் தண்ணீரில் சாம்பல் உடலும் கறுப்புத் துடுப்பும் பாறை நிழலோடு கலந்துவிடும். மஞ்சள் வால்தான் முதலில் தெரியும். சில வேளை வால் மட்டும் தனியாக மிதந்து போவதுபோல இருக்கும். அப்புறம் உற்றுப் பார்த்தால் வெள்ளை விளிம்பு, அதற்குப் பிறகு உடம்பு. செம்மஞ்சள் பொட்டைக் கடைசியில்தான் காண்பீர்கள். டோர்ச் அடிக்காவிட்டால் காணாமலும் போகலாம். சிவப்புச் சார்ந்த ஒளியைக் கடல்நீர் மேல்மட்டத்திலேயே உறிஞ்சிவிடுவதால், பத்துப் பதினைந்து மீற்றர் ஆழத்தில் அந்தப் பொட்டு மங்கிய பழுப்பாகவே இருக்கும்.

ஏமாற்றும் மீன்களும் உண்டு. மஞ்சள் வாலைக் கண்டதும் குதிக்க வேண்டாம். பியூசிலியர் மீன்களிலும் மஞ்சள் வால்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவை நடுத்தண்ணீரில் கூட்டமாக ஓடும், வாலும் கவை பிளந்தது. நம்முடைய மீனின் வாலில் பிளவு கிடையாது, அது பாறையை விட்டு அதிக தூரம் விலகுவதும் இல்லை. உருவத்தில் கிட்டத்தட்ட இதேபோலத் தோன்றும் இன்னொன்று கொலாரே வண்ணாத்தி மீன். அதற்குக் கண்ணுக்குப் பின்னால் வெள்ளைப் பட்டியும் சிவந்த வாலும் உண்டு. குட்டி ஏஞ்சல்களில் மல்டிஸ்பைனிஸ் என்ற கறுத்த பழுப்பு மீனையும் பாறை இடுக்குகளில் காண்பீர்கள். அதற்கு மஞ்சள் என்பதே இல்லை.

ஏஞ்சலா, வண்ணாத்தி மீனா என்ற சந்தேகம் வந்தால் கன்னத்தைப் பாருங்கள். செவுள் மூடியின் கீழ் மூலையில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முள் ஏஞ்சல் குடும்பத்துக்கே உரியது. வண்ணாத்தி மீன்களுக்கு அது கிடையாது. உலகத்தில் ஏறக்குறைய 90 இன ஏஞ்சல்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் இந்த முள் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது இது ஒன்றே போதும்.

இணையத்தில் படம் தேடும்போது ஓர் எச்சரிக்கை: செங்கடலில் வாழும் இதன் உறவுக்காரனான சாந்தோடிஸ் படங்களும் கலந்து வரும். அதற்கு முகம் முழுவதும் கறுப்பு. இலங்கையில் எடுத்த படம் என்று தெளிவாகக் குறிப்பிட்டதையே வைத்துப் பழகுங்கள்.

படி 2: எந்தப் பாரில் தேடுவது

இலங்கையைச் சுற்றி மூன்று விதமான பார்கள் உண்டு. உயிருள்ள முருகைக்கல் வளர்ந்து உண்டானவை ஒன்று. கருங்கல் போன்ற பாறைகள் இன்னொன்று. மூன்றாவது மணற்கல் பார். கொழும்பின் முன்னால் கரைக்குச் சமாந்தரமாக ஓடும் நீண்ட மேடுகளில் இந்த மூன்றாம் வகையை அதிகம் காணலாம். மணல் இறுகிக் கல்லான அந்த மேடுகள், பக்கத்தில் அரிக்கப்பட்டு அடிப்பக்கம் குடைந்து, நீளமான கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும். மேலே தட்டை, கீழே நிழல், அதற்குக் கீழே மணல்.

மாலைதீவுப் படங்களில் வரும் வண்ணமயமான முருகைத் தோட்டத்தை எதிர்பார்த்து இறங்குபவர்களுக்குக் கொழும்பு கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். களனி கங்கை ஒரு பக்கம், வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் மறுபக்கம் என்று எந்நேரமும் நன்னீரும் சேறும் வந்து கலக்கும் கடல் இது. வெளிச்சம் குறைந்த தண்ணீரில் கடின முருகைக்கு வாழ்க்கை கஷ்டம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளுக்குச் சூரிய ஒளி வேண்டும். அந்த இடத்தை எடுத்துக்கொள்பவை, தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் உயிர்கள்: மென்முருகை, கடல் விசிறி, எல்லாவற்றையும் விடக் கடற்பஞ்சு. பாறைக் கூரையின் அடிப்பக்கத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். செம்மஞ்சள், ஊதா, வெளிர்மஞ்சள் என்று கடற்பஞ்சு அப்பிக் கிடக்கும். பகலிலும் இருட்டாக இருக்கும் அந்த இடத்தில் இவ்வளவு நிறம் எதற்கு என்று தோன்றும்.

ஸ்மோக் ஏஞ்சலுக்கு இதுதான் சாப்பாட்டு மேசை. ஏஞ்சல் குடும்பத்தில் பலருடைய முக்கிய உணவு கடற்பஞ்சு. அதோடு பாறையில் ஒட்டி வாழும் பை போன்ற சிறு உயிர்களும் பாசியும். கடற்பஞ்சை மற்ற மீன்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. உள்ளே கண்ணாடி போன்ற நுண்ணிய ஊசிகள் இருக்கும், பலவற்றில் கசப்பான இரசாயனங்களும் உண்டு. ஏஞ்சல்களுக்கோ தூரிகைபோல் அடர்ந்த மெல்லிய பற்களும் நீண்டு கிள்ளும் தாடையும் இருக்கின்றன. ஒரு கிள்ளு, இரண்டு வால் அசைவு, அடுத்த கிள்ளு. இப்படியே பகல் முழுவதும்.

ஆகவே பார் தெரிவு செய்யும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஆழம் 5 முதல் 25 மீற்றருக்குள் இருக்கிறதா, குடைந்த விளிம்புகளும் ஓட்டைகளும் உண்டா, கடற்பஞ்சு நிறைய இருக்கிறதா. கல்கிசைக்கு எதிரே உள்ள பலகல பார் ஆழம் குறைந்தது, பழகுவதற்கு நல்லது. பரகூடா ரீஃப் போன்றவை அதைவிட ஆழம், அனுபவம் வேண்டும். உண்மையைச் சொன்னால், ஆழமான பாரில் அவசரமாகத் தேடுவதைவிட 12 மீற்றரில் ஆறுதலாகத் தேடுவதே இந்த மீனுக்குச் சரி. காரணத்தைப் படி 6இல் சொல்கிறேன்.

மூழ்கிய கப்பல்களைப் பற்றியும் கேட்பீர்கள். முதலாம் உலகப் போரில் ஜெர்மனியின் வூல்ஃப் கப்பல் விதைத்த கண்ணிகளில் 1917 பெப்ரவரியில் சிக்கிய வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் ஆகியவையிலிருந்து, 2012இல் மூழ்கிய தெர்மொபைலி சியரா வரை கொழும்புக் கடலில் இரும்புக்குக் குறைவில்லை. அவற்றில் பெரிய ஏஞ்சல்கள், குறிப்பாக நீல வளைய ஏஞ்சல், அழகாகக் கிடைக்கும். நம்முடைய சின்ன மீனுக்குப் பாறையே முதல் தெரிவு.

படி 3: மாதமும் நேரமும்

மேற்குக் கரையில் கடல் நமக்கு இடம் கொடுப்பது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே பிறந்ததும் சோழகக் காற்று எழும்பிவிடும். செப்டெம்பர் வரை அலையும் கலங்கலும்தான், படகு விடவும் மாட்டார்கள், விட்டாலும் போகாதீர்கள். நவம்பரில் கடல் அடங்கினாலும் மழை விடாது. ஒரு இரவு கனமழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் காவி நிறத்தில் கடலுக்குள் விரிவதைக் கரையிலிருந்தே காணலாம். அடுத்த இரண்டு மூன்று நாட்களை மறந்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரைதான் என்னுடைய தெரிவு.

நாளில் விடியற்காலை. மதியம் தாண்டினால் கடற்காற்று எழும்பி மேற்பரப்பு சிலிர்க்கத் தொடங்கும். ஏழு, ஏழரைக்குப் படகில் இருந்தால், வெளிச்சம் பாரின் விளிம்புக்குள் சாய்வாக விழும் நேரத்தில் கீழே இருப்பீர்கள். வற்றும் பெருக்கும் கொழும்பில் பெரிய விஷயம் இல்லை, நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. நீரோட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

இணையத்தில் காற்று வரைபடம் பார்ப்பது நல்லதுதான். ஆனாலும் முதல் நாள் மாலையில் கல்கிசைக் கரைக்குப் போய்ப் படகுக்காரரிடம் "ஹெட்ட வத்துர ஹொந்தத?" (நாளைக்குத் தண்ணீர் நல்லதா?) என்று ஒரு வார்த்தை கேட்டால் அதைவிடச் சரியான பதில் கிடைக்கும். தமிழ் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நேரடியாக வரும்: "நாளைக்குத் தண்ணி கலங்கல் தம்பி, போய் வேலை இல்லை." இப்படிச் சொல்பவரை நம்பலாம். எல்லா நாளும் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும் என்று சொல்பவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்.

சோழகக் காலத்திலும் தேடல் நிற்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். நிலாவெளியும் புறாத்தீவும் அப்போதுதான் திறந்த புத்தகம். மேற்கின் நல்ல காலத்தில் கொழும்பில் கிடைக்காவிட்டால் ஹிக்கடுவைப் பக்கம் ஒரு வாரஇறுதி போய் வரலாம்.

படி 4: உங்களைத் தயார்படுத்துங்கள்

முதலில் வீட்டைச் சமாளிக்க வேண்டும். "கடலோட விளையாட்டு வேண்டாம் பிள்ளை" என்பதைக் கேட்காமல் ஸ்கூபா பழகிய கொழும்புத் தமிழர் குறைவு. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. சுனாமியைப் பார்த்த தலைமுறை அது, நமக்கோ பாடசாலையில் நீச்சல் பழகும் வாய்ப்புக் கிடைத்தது சிலருக்கு மட்டும்தான். வாதாடுவதைவிட, பயிற்சி நடக்கும் நீச்சல் தடாகத்துக்கு அம்மாவையோ அப்பாவையோ ஒருநாள் கூட்டிப்போங்கள். எவ்வளவு நிதானமாக, எத்தனை தடவை ஒரே விஷயத்தைச் செய்ய வைக்கிறார்கள் என்று பார்த்தால் பாதிப் பயம் குறையும்.

ஸ்கூபாவுக்கு நீச்சல் வீரராக இருக்கத் தேவையில்லை. பாடி (PADI) என்ற முங்கல் பயிற்சி அமைப்பின் தொடக்கப் பயிற்சியான ஓபன் வோட்டரில் 200 மீற்றர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் கேட்பார்கள், வேகம் முக்கியம் இல்லை. 10 வயதிலிருந்து சேரலாம். பயிற்சி முடித்த பெரியவர்கள் 18 மீற்றர் வரை போகலாம், அடுத்த படியான அட்வான்ஸ்ட் முடித்தால் 30 மீற்றர். ஸ்மோக் ஏஞ்சலுக்கு 18 மீற்றரே தாராளம். ஆஸ்துமா, இதயநோய், காதுப் பிரச்சினை இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதி, டொக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பயிற்சியில் எல்லாவற்றையும்விட மிதப்புக் கட்டுப்பாட்டில் நேரம் செலவிடுங்கள். ஏறாமல், இறங்காமல், கையை ஆட்டாமல், பாறையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி அந்தரத்தில் நிற்பது. மூச்சை இழுத்தால் கொஞ்சம் எழும்புவீர்கள், விட்டால் கொஞ்சம் தாழ்வீர்கள். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே நிலையாக நிற்கப் பழக வேண்டும். இது கைவராதவர் பாருக்குப் போனால் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடித்து மணலைக் கிளப்புவார், கடல் விசிறியை முறிப்பார், கடல் முள்ளெலிமேல் உட்காருவார். மீனும் போய்விடும்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: திரும்பிப் போகும் நாளுக்கு முந்திய நாளில் டைவ் வைக்க வேண்டாம். பல டைவ் செய்திருந்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணித்தியாலம் இடைவெளி வேண்டும்.

ஸ்கூபா வேண்டாம், மேலே மிதந்தபடி குழாயால் மூச்சுவிட்டுப் பார்க்கும் ஸ்நோர்கல் போதும் என்பவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஆழம் குறைந்த பாரில், தண்ணீர் தெளிந்த நாளில், மேலிருந்து வாலின் மஞ்சள் தெரியலாம். ஆனால் குடைவுக்குள் பார்க்க முடியாது. நிகழ்தகவு குறைவு என்று தெரிந்துகொண்டே போங்கள்.

படி 5: படகு

விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயிற்சி அட்டையைக் கேட்காமல் கூட்டிப்போகும் இடத்துக்குப் போகாதீர்கள். படகில் ஒக்சிஜன் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, எல்லோரும் கீழே போனதும் படகில் ஒருவர் நிற்பாரா, அவசரத்துக்கு, முங்கலால் பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தரும் எந்த அழுத்த அறைக்குக் கொண்டுபோவார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். முகம் சுளிப்பவரிடம் விடைபெறுங்கள். நங்கூரத்தைப் பாரின்மேல் எறிகிறார்களா, மணலில் இறக்குகிறார்களா என்பதையும் பாருங்கள். பாரின்மேல் எறிபவர் நாம் பார்க்க வந்ததையே உடைக்கிறார்.

இன்னொன்று: ஏஞ்சல் தேடப் போகிறேன், அதிக தூரம் நீந்த மாட்டேன் என்று டைவ் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலானோர் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டவே பழகியவர்கள். உங்களோடு ஒரு இடத்தில் நிற்கச் சம்மதிக்கும் துணை ஒருவர் இல்லாமல் இந்த வேலை நடக்காது. தனியே பின்தங்கி நிற்பது கூடவே கூடாது.

படி 6: தண்ணீருக்குள்

இனித்தான் விஷயம்.

கீழே போனதும் முதல் ஐந்து நிமிடத்துக்கு மீனைத் தேடாதீர்கள், விளிம்பைத் தேடுங்கள். மணலும் கல்லும் சந்திக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு, கல் உங்கள் ஒரு பக்கத்தில் இருக்க, மெதுவாகப் போங்கள். கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடம், அதில் முன்வாசலும் பின்வாசலும் உள்ள ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கடற்பஞ்சு. இந்த மூன்றும் சேர்ந்த இடம் கிடைத்தால் நின்றுவிடுங்கள். பின்வாசல் ஏன் என்றால், ஏஞ்சல் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வரப் பிரியப்படும் மீன். முட்டுச்சந்துக் குகைக்குள் அது அதிகம் தங்காது.

கடற்பஞ்சின் மேற்பரப்பையும் பாருங்கள். ஓரத்தில் புதிதாகக் கிள்ளிய சிறு பள்ளங்கள், உள்ளே வெளிறிய சதை தெரிந்தால், யாரோ அங்கே வழக்கமாகச் சாப்பிடுகிறார்கள். அது கடலாமையின் வேலையாகவும் இருக்கலாம். ஆனால் ஆமை பெரிய துண்டாகப் பிய்க்கும், ஏஞ்சலின் கிள்ளு நகம் பட்டதுபோலச் சின்னது.

இடம் கிடைத்ததும் மூன்று நான்கு மீற்றர் பின்வாங்கி, மணலுக்குச் சற்று மேலே, உங்கள் நிழல் ஓட்டையில் விழாத பக்கமாக நில்லுங்கள். முதலில் எல்லாம் ஒளிந்துவிடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் சின்ன டாம்செல்கள் வெளியே வரும். அப்புறம் நீலக் கோடு போட்ட துப்புரவு மீன் தன் வேலைக்குத் திரும்பும். அந்தத் துப்புரவு மீன் நிற்கும் இடத்தைக் கண்வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுண்ணிகளை எடுத்துவிடச் சொல்லிப் பாரின் மீன்களெல்லாம் அங்கே வரும், ஏஞ்சல்களும் வரும். கடைசியாக, எல்லோரும் நடமாடத் தொடங்கிய பிறகு, ஓட்டையின் உள்ளே மஞ்சள் ஒரு தரம் மின்னி மறையும். அசையாதீர்கள். ஏஞ்சல் முதலில் உங்களைப் பார்க்க வரும். பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு கண்ணால் அளந்து, உள்ளே போய், அடுத்த வாசலால் வெளியே வந்து மறுபடி அளக்கும். நீங்கள் ஆபத்தில்லை என்று முடிவு செய்தால் சாப்பாட்டுக்குத் திரும்பும். இந்த இடத்தில் ஆவலில் ஒரு ஃபின் அடித்து நெருங்குபவர்கள் மீனின் வாலைத்தான் பார்ப்பார்கள்.

ஆழம் குறைந்த பாரைச் சிபாரிசு செய்ததன் காரணம் இங்கே வருகிறது. 10 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு, 20 மீற்றரில் மூன்று மடங்கு. சிலிண்டரில் உள்ள காற்றும் அதே கணக்கில் வேகமாகத் தீரும். காத்திருப்பதே நம் வேலை என்பதால், ஒவ்வொரு மீற்றருக்கும் நிமிடங்களை விலையாகக் கொடுக்கிறோம். 12 மீற்றரில் அசையாமல் நிற்பவருக்கு, 22 மீற்றரில் நீந்துபவரைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் கிடைப்பதும் சாதாரணம்.

பத்து நிமிடம் பார்த்தும் அசைவு இல்லை என்றால் அடுத்த விளிம்புக்குப் போங்கள். ஒரு டைவில் மூன்று இடத்துக்கு மேல் பார்க்க வேண்டாம். மீன் கிடைத்த இடத்தின் அடையாளத்தை, கல்லின் வடிவம், பக்கத்துக் கடல் விசிறி, ஆழம், திசை என்று நீரெழுத்துப் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள். ஏஞ்சல் தன் இடத்தை எளிதில் மாற்றாது. அடுத்த வாரமும் அதே கூரையின் கீழ் அதைத் தேடலாம். சோடியாக இருந்தால் பெரியது பெரும்பாலும் ஆண். ஏஞ்சல் மீன்களில் பல பெண்ணாகவே முதிர்ந்து, பிறகு தேவைப்பட்டால் ஆணாக மாறுபவை. மாலை மங்கும் நேரத்தில் சோடி சேர்ந்து பாருக்கு மேலே எழும்பி முட்டையைத் தண்ணீரில் விட்டுவிடும். முட்டையும் குஞ்சும் பல நாள் கடலோட்டத்தோடு போகும். அந்தக் காட்சியைப் பார்க்க ஆசைதான், ஆனால் கொழும்பில் இருட்டும் வேளையில் படகு பிடிப்பது எளிதல்ல.

இடையில் கையை எங்கும் ஊன்ற வேண்டாம். கடற்பஞ்சு நிறைந்த கல்லில் தேள் மீன் உட்கார்ந்திருந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காத்திருக்கும்போது பெரிய எம்பரர் ஏஞ்சல் ஒன்று வந்து "டொக்" என்று சத்தம் போட்டால் பயப்படாதீர்கள். தன் இடத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

படி 7: படம்

பக்கவாட்டுப் படம் ஒன்று, செவுள் பகுதி தெளிவாகத் தெரியும்படி. அழகு இரண்டாம் பட்சம். கலங்கல் தண்ணீரில் ஃபிளாஷ் நேராக அடித்தால் மிதக்கும் துகளெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் பதியும், ஆகவே வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து கொடுங்கள். மீனை விரட்டி எடுத்த படத்தில் எப்போதும் வால்தான் இருக்கும். இரண்டு மூன்று படத்துக்குப் பிறகு கமெராவைத் தாழ்த்திவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

படி 8: வீட்டுத் தொட்டிக்கு ஆசைப்படாமல் இருப்பது

இதை எழுதாமல் போக முடியாது. இலங்கையின் அலங்கார மீன் ஏற்றுமதி கொழும்பைச் சுற்றித்தான் நடக்கிறது. இந்த மீனும் அதில் போகும் சரக்குத்தான். நம் ஊர் முங்கல் முன்னோடியான ரொட்னி ஜொங்க்லாஸ் காலத்திலிருந்து நடந்துவரும் தொழில் அது, பல குடும்பங்களின் சோறு. தொழிலையே நிறுத்தச் சொல்லும் ஆள் நான் அல்ல. பிடிக்கும் முறைதான் கேள்வி. மொக்சி என்ற ஈயம் கட்டிய வலையை முருகையின்மேல் போர்த்தி, உள்ளே கம்பியால் குத்தி மீனை விரட்டும் முறையை 1996ஆம் ஆண்டின் மீன்பிடி ஒழுங்குவிதிகள் தடை செய்துவிட்டன. பார்களின்மேல் செவுள் வலை போடுவதும் அதே தடைக்குள் வரும்.

வாங்க நினைப்பவரிடம் நான் சொல்வது ஒன்றுதான். கடற்பஞ்சைக் கிள்ளித் தின்று பழகிய மீனுக்குத் தொட்டியில் என்ன போடப்போகிறீர்கள்? சில மீன்கள் பழகும். பல, தட்டில் போட்டதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மெலியும். அதற்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு டைவ் போய் வரலாம். கடையில் பார்ப்பதற்குத் தடை இல்லை. வாலும் பொட்டும் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க, தொட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்பது நல்ல பயிற்சி.

முருகைக்கல் துண்டு, கடல் விசிறி எதையும் ஞாபகத்துக்கென்று எடுத்துவராதீர்கள். இலங்கைச் சட்டத்தில் முருகை பாதுகாக்கப்பட்டது, கடின முருகை முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கிறது. விமான நிலையத்தில் சூட்கேஸைத் திறந்து காட்டி நிற்க வேண்டிவரும்.

படி 9: பார்த்ததைப் பதியுங்கள்

கொழும்புப் பார்களைப் பற்றிய தகவல் எப்போதும் குறைவு. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி முருகை வெளிறியபோது ஆழம் குறைந்த பார்கள் அதிகம் அடிபட்டன. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிலும் கரையிலும் பரவின. இப்படி ஒவ்வொரு முறையும் எழும் முதல் கேள்வி, இதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதுதான். பதில் சொல்ல ஒரு திகதியும் ஒரு படமும் வேண்டும்.

கண்ட உயிரினங்களைப் பதிந்து பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் கணக்குத் திறந்து படத்தை ஏற்றுங்கள். திகதி, ஆழம், ஒன்றா சோடியா, என்ன செய்துகொண்டிருந்தது, தண்ணீர் எத்தனை மீற்றர் தெளிவு, எந்த வகைப் பார் என்று எழுதுங்கள். கடற்பஞ்சைக் கிள்ளியது என்றால் அந்தக் கடற்பஞ்சையும் படமெடுத்துச் சேருங்கள், ஆய்வு செய்பவர்களுக்கு அது மீனைவிடப் பெறுமதியாக இருக்கலாம். மட்டக்குளி காக்கைத்தீவில் உள்ள நாரா நிறுவனம்தான் நாட்டின் நீர்வாழ் வள ஆராய்ச்சிக்குப் பொறுப்பு. வித்தியாசமான எதையாவது கண்டால், ஏராளமான மீன் செத்துக் கிடந்தாலோ முருகை வெளிறியிருந்தாலோ, அவர்களுக்கும் எழுதலாம்.

இடத்தை மட்டும் துல்லியமாகக் காட்ட வேண்டாம். செயலியில் இருப்பிடத்தை மங்கலாக்கும் தெரிவு இருக்கிறது, அதை அழுத்திவிடுங்கள். ஃபேஸ்புக்கில் போடும் படத்துக்கும் அதே விதி. பாரின் பெயர், கல்லின் அடையாளம், ஆழம் மூன்றையும் சேர்த்துப் போட்டால் வலையோடு தேடி வருபவருக்கும் அது வழிகாட்டிதான். "கல்கிசைக்கு வெளியே" என்று எழுதினால் போதும். நேரில் கேட்பவர் யார் என்று தெரிந்தால் மிச்சத்தைச் சொல்லுங்கள்.